வாய் பூட்டிக்கொள்ளும் நேரங்கள்: ஓட்டிசம் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு 34 வயது. இலங்கை மலைநாட்டில், கொட்டகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள். இப்போது ஹட்டனில் மூன்று கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். எனக்கு ஓட்டிசம் என்று 29 வயதில்தான் கொழும்பில் ஒரு டொக்டர் எழுதித் தந்தார். அக்கா மகனுக்கு அது நான்கு வயதிலேயே தெரிந்துவிட்டது. இப்போது அவனுக்கு ஒன்பது. எங்கள் இரண்டு பேரையும் பற்றிக் கோயிலில், கிளினிக் வரிசையில், கல்யாண வீட்டில் சனம் கேட்கிற கேள்விகளுக்கு அந்த இடத்தில் எனக்குப் பதில் வராது. வாய் பூட்டிக்கொள்ளும். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் எழுத்தில் வரும். அப்படிச் சேர்ந்தவைதான் இவை. நான் டொக்டர் இல்லை என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டிசம், ஆட்டிசம், மதியிறுக்கம் எல்லாம் ஒன்றா?

ஒன்றுதான். நாங்கள் ஓட்டிசம் என்கிறோம், தமிழ்நாட்டில் ஆட்டிசம் என்கிறார்கள், பத்திரிகைகளில் சில வேளை மதியிறுக்கம் என்று வரும். கடைசிச் சொல் எனக்குப் பிடிப்பதில்லை. என் மதி இறுகவில்லை. மத்தியான நேரத்துக் கடைத்தெருவில் இறுகுவது என் தொண்டை.

அமெரிக்காவில் லியோ கன்னர் என்ற டொக்டர் 1943 இல் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் இந்தப் பெயர் பரவியது. அஸ்பெர்கர் என்று தனியாகச் சொல்லப்பட்டதை 2013 இல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் தங்கள் கைநூலில் இதற்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். இது தொற்றுகிற நோய் இல்லை. மூளை ஆரம்பத்திலிருந்தே வேறு விதமாக வளர்கிறது. பேச்சு, பழக்கம், சத்தத்தையும் வெளிச்சத்தையும் தாங்குகிற விதம், ஒரு விஷயத்தில் மூழ்கிப் போவது, திடீர் மாற்றத்தைக் கண்டால் வருகிற பயம் என எல்லாவற்றிலும் அது தெரியும். ஒருத்தி கணக்கு எழுதிப் பிழைப்பாள். இன்னொருவருக்குக் குளிக்கவும் சாப்பிடவும் கடைசி வரை ஆள் துணை வேண்டும். இரண்டும் ஓட்டிசம்தான்.

அபூர்வமும் இல்லை. 2009 இல் வெளியான ஓர் இலங்கை ஆய்வு, 18 முதல் 24 மாதப் பிள்ளைகளில் 93 பேருக்கு ஒருவர் என்று கண்டது. அது மலைநாட்டில் எடுத்த கணக்கு இல்லை. ஆனாலும் உங்கள் தோட்டத்தில் எத்தனை பிள்ளைகள் என்று எண்ணிப் பாருங்கள்.

‘ஓட்டிசம் உள்ளவர்’ என்று சொல்வதா, ‘ஓட்டிசக்காரர்’ என்பதா? எது மரியாதை?

இதற்கு வெளிநாடுகளில் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. ஆளை முன்னால் வைத்து ‘ஓட்டிசம் உள்ள பிள்ளை’ என்றால்தான் மரியாதை என்று டொக்டர்மாரும் ஆசிரியர்மாரும் சொல்லிக்கொடுத்தார்கள். ஓட்டிசத்தோடே வளர்ந்து பெரியவர்களான பலபேர் அதை ஏற்கவில்லை. கழற்றி ஆணியில் மாட்டி வைக்க அது ஸ்வெட்டர் இல்லையே என்பது அவர்கள் கட்சி. நானும் அந்தக் கட்சிதான். கடைக்காரி, கணக்குக்காரி மாதிரி நான் ஓட்டிசக்காரி. அக்காவுக்கு அந்தச் சொல் காதில் குத்துகிறது. மகனைப் பற்றிப் பேசும்போது ‘ஓட்டிசம் இருக்கிற புள்ள’ என்பாள். அவன் பெரியவனாகி என்ன சொல்கிறானோ அதுதான் சரி.

பெயர் எவ்வளவு முக்கியம் என்று மலையகத்தில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1948 இல் ஒரு சட்டம் வந்து நம்மை நாடற்றவர்களாக்கியது. பதிவேட்டில் ‘இந்தியத் தமிழர்’, வாய்ச்சண்டையில் ‘தோட்டக்காட்டான்’. நம் முன்னோர் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த 200 ஆண்டு நினைவாக 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்கள் ‘மலையக மக்கள்’ என்ற பெயரில்தான் நடந்தார்கள். ஒரே ஆட்கள்தான், ஆனால் அந்தப் பெயரை வைத்தது யார் என்பதில் எவ்வளவு வித்தியாசம்!

அக்கா மகன் பேசுவானா? ஏதோ கேட்டதையே திருப்பித் திருப்பிச் சொல்கிறானாமே?

பேசுகிறான், ரயில் பாஷையில்.

மூன்று வயதில் அக்கா அவனைப் பதுளைக்கு ரயிலில் கூட்டிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அவன் வாயில் வந்ததெல்லாம் ஸ்டேஷன் பெயர்கள். கொட்டகலை, தலவாக்கலை, வட்டகொடை, கிரேட் வெஸ்டர்ன், ரதல்ல, நானுஓயா என்று பதுளை வரை பிசகாமல் சொல்வான். ஓர் ஆஸ்பத்திரியில் ‘அர்த்தமில்லாத எதிரொலிப் பேச்சு’ என்று எழுதிவிட்டார்கள். அக்காவும் அதை நம்பி, அவன் தொடங்கினாலே “போதும்டா” என்று வாயை அடைப்பாள்.

ஒரு நாள் அந்தி நேரம் என் சட்டையைப் பிடித்து இழுத்து “அம்பேவெல, அம்பேவெல” என்றான். ரயில் படத்தைக் காட்டினேன், தட்டிவிட்டான். போனில் ரயில் வீடியோ போட்டேன், அதையும் தள்ளிவிட்டான். கடைசியில் என் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துப்போய்ப் பால்மா டின்னின் மேல் வைத்தான். அம்பேவெலவில் மாட்டுப்பண்ணை இருக்கிறது. அந்தப் பயணத்தில் அம்பேவெல வந்தபோதுதான் அக்கா அவனுக்குப் போத்தலில் பால் கொடுத்திருக்கிறாள். அம்பேவெல என்றால் பால்!

அதன் பிறகு நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டோம். ஒரு கல்யாண வீட்டில் ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருந்தது. “பட்டிப்பொல முடிஞ்சிச்சு, பட்டிப்பொல முடிஞ்சிச்சு” என்று அவன் முனகிக்கொண்டே இருந்தான். பத்து நிமிஷத்தில் தரையில் விழுந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதான். வீட்டுக்கு வந்துதான் எனக்கு உறைத்தது. பட்டிப்பொல தாண்டினால் சுரங்கம். சுரங்கம் தாண்டித்தான் ஒஹிய. இருட்டு வரப்போகிறது என்று பிள்ளை பத்து நிமிஷம் முன்னாலேயே எங்களுக்குச் சொல்லியிருக்கிறான். இப்போது அந்தச் சொல் காதில் விழுந்தால், சோற்றுக் கையோடு இருந்தாலும் எழுந்து அவனை வெளியே கூட்டிப்போய்விடுவோம்.

அக்காவிடம் ஒரு கொப்பி இருக்கிறது. இடப்பக்கம் அவன் சொல், வலப்பக்கம் அதன் அர்த்தம். போன மாதம் 41 ஆனது.

வாயால் சொல்லாததை எப்படிப் பேச்சு என்று எடுத்துக்கொள்வது?

பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு, ஆள் கூப்பிடத் தப்பு மேளம் அடித்த தோட்டங்கள் இவை. சாவுக்கு ஓர் அடி, காமன் கூத்துக்கு வேறோர் அடி. என் தாத்தா கம்பளிக்குள் படுத்துக்கொண்டே, கீழ் லயத்தில் என்ன நடக்கிறது என்று அடியை வைத்துச் சொல்வார். தப்பு ஒரு வார்த்தையும் பேசியதில்லை. தாத்தாவுக்கு அடி தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

உங்களுக்குத்தான் நன்றாகப் பேச வருமே? பிறகேன் எழுதிக் காட்டுகிறீர்கள்?

வரும், எப்போதும் வராது. மழை நாளில் லைட் போகிற மாதிரி. சொல்ல வேண்டியது தலைக்குள் வரி வரியாக நிற்கும், நாக்குக்கு இறங்காது. தூக்கமில்லாத நாள், சத்தம், நாலு பேர் ஒரே நேரத்தில் கேள்வி கேட்பது என்றால் கட்டாயம் போகும்.

பையில் ஒரு சின்ன அட்டை வைத்திருக்கிறேன். தமிழிலும் சிங்களத்திலும் இப்படி எழுதியிருக்கும்: ‘எனக்கு இப்போது பேச்சு வரவில்லை. காது நன்றாகக் கேட்கும். எழுதிக் காட்டுகிறேன்.’ இதைப் பார்த்ததும் பாதிப்பேர் சத்தம் போட்டுப் பேசத் தொடங்குவார்கள். காது கேட்கும் என்று எழுதியிருப்பதை யாரும் வாசிப்பதில்லை. ஒருமுறை பஸ்ஸில் கண்டக்டர் அட்டையை வாங்கி நிதானமாகப் படித்தார். அதன் பிறகு அவரும் பேச்சை நிறுத்திவிட்டார்! விரலை மடக்கி மடக்கி மிச்சக் காசைக் கணக்குக் காட்டினார். எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கும் வந்தது.

சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்வீர்களாமே?

நம் தமிழ் அதற்கென்றே வழியெங்கும் குழி வெட்டி வைத்திருக்கிறது. ‘போறேன்’ என்று சொல்லக்கூடாது, அபசகுனம். ‘வாறேன்’ என்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். எனக்கு ஏழு வயதிருக்கும். மாமா “வாறேன் புள்ள” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். இஸ்தோப்பில், வீட்டு முன் திண்ணையில், நின்றேன், பனி இறங்கி எதிர் மலை மறைகிற வரைக்கும். அம்மா வந்து உள்ளே இழுத்துப் போனபோது மாமா பொய் சொல்லிவிட்டார் என்று அழுதேன். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி இன்றைக்கும் சிரிக்கிறார்கள்.

“சாப்பிட்டாச்சா?” என்று கேட்டால், காலையில் ரெண்டு ரொட்டி, சம்பலில் உப்புக் கூட என்று விவரமாகச் சொல்வேன். அது கேள்வியே இல்லை, வணக்கம் மாதிரி ஒன்று என்று விளங்க இருபது வருஷம் போனது. தலையாட்டலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆமாமா, இல்லையா, பார்க்கலாமா? எனக்கு மூன்றும் ஒன்றுதான்.

சின்ன வயதில் இதெல்லாம் என் குறை என்றே நினைத்தேன். டேமியன் மில்டன் என்ற ஆங்கிலேயச் சமூகவியலாளர், அவரும் ஓட்டிசக்காரர்தான், 2012 இல் வேறு விதமாக எழுதினார். எங்களுக்கு உங்களை விளங்காததைப் போலவே உங்களுக்கும் எங்களை விளங்குவதில்லை, இது இரண்டு பக்கத்துச் சிக்கல் என்றார். ‘வாறேன்’ என்று சொன்னவரும் அந்தப் பிள்ளை என்ன நினைக்கும் என்று யோசிக்கவில்லைதானே?

கண்ணைப் பார்த்துப் பேசப் பழக்க வேண்டாமா?

வேண்டாம். கண்ணைப் பார்த்தால் காது வேலை செய்யாது, எனக்கு. எதிர்த்து முழிக்காதே என்று பெரியவர்கள் அடித்து வளர்த்தார்கள். பிறகு ஒரு கிளினிக்கில், இவள் முகத்தைப் பார்ப்பதில்லை என்று குறை எழுதினார்கள். எதைத்தான் செய்வது?

வேண்டியதைக் காட்டிக் கேட்கப் படக் கார்டு கொடுத்துப் பழக்கினால் பேச்சு வராமலே போய்விடும் என்கிறார்களே?

அம்மாமார் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். பயப்பட வேண்டாம். கார்டு, டேப்லட் கொடுத்த பிள்ளைகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், அதனால் பேச்சு குறையவில்லை, பலரிடம் கொஞ்சம் கூடியது என்றுதான் கண்டிருக்கிறார்கள். தவழ்கிற பிள்ளை நடக்காமல் போய்விடும் என்று யாரும் தவழ்வதைத் தடுப்பதில்லை.

காசும் பெரிதாக வேண்டாம். நாங்கள் பழைய கலண்டர் படம், பிஸ்கட் பெட்டி மட்டை, கத்தரிக்கோலை வைத்துத் தொடங்கினோம். இங்கத்தைய ஈரத்துக்கு ஒரு மாதத்தில் மட்டை ஊறிப் பிரிந்துவிட்டது. இப்போது இரண்டு பக்கமும் அகல டேப் ஒட்டி, ஓட்டை போட்டுச் சாவி வளையத்தில் கோத்து இடுப்பில் மாட்டிவிடுகிறோம். டேப்லட் வாங்க முடிந்தால், சென்னையில் உருவான ஆவாஸ் என்ற செயலி தமிழிலும் இருக்கிறது. வீட்டில் புழங்குகிற சொல்லையும் படத்தையும் நீங்களே சேர்த்துக்கொள்ளலாம்.

ஒன்று சொல்கிறேன். எல்லாரும் முதலில் ரொட்டி, தண்ணி, பிஸ்கட், கக்கூசு என்று கார்டு செய்வார்கள். நாங்களும் அப்படித்தான் செய்தோம். ‘வேணாம்’ என்று ஒரு கார்டு செய்ய எட்டு மாதம் யாருக்கும் தோன்றவில்லை. பிள்ளை கேட்பது நமக்கு விளங்கினால் போதும், அது மறுப்பது விளங்க வேண்டாம் என்று எங்கேயோ நினைத்திருக்கிறோம். செய்து கொடுத்த அன்றைக்கே, கன்னத்தைக் கிள்ள வந்த ஒரு அத்தையின் கையில் அவன் அந்தக் கார்டை வைத்தான். அத்தைக்குக் கோபம். அக்கா மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

பிள்ளையின் கையைப் பிடித்து எழுத்துத் தட்ட வைத்தால் எல்லாம் பேசுவார்கள் என்று ஒரு முறை இருக்கிறதாமே?

அதில் இறங்க வேண்டாம். ஒருவர் கையையோ எழுத்துப் பலகையையோ பிடித்துக்கொண்டிருக்கும்போது வருகிற சொற்கள், பெரும்பாலும் பிடித்திருப்பவருடையவை என்று சோதனைகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. பிடிப்பவர் தெரிந்து ஏமாற்றுகிறார் என்று அர்த்தமில்லை, அவருக்கே தெரியாமல் நடக்கிறது. அமெரிக்கப் பேச்சு சிகிச்சையாளர் சங்கமும் வேண்டாம் என்றே சொல்கிறது. பிள்ளை தன் விரலால், தானாகத் தொட வேண்டும். அது ஒற்றைச் சொல்லாக இருந்தாலும் அவனுடைய சொல்.

வீட்டில் தமிழ், வெளியே சிங்களம், பாடசாலையில் இங்கிலீஷ். குழம்பிவிடாதா? ஒரு மொழியோடு நிறுத்தச் சொல்கிறார்களே?

அக்காவுக்கும் சொன்னார்கள். “இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள்” என்று. கொழுந்து மலையிலிருந்து வந்து, இடுப்பில் கட்டிய படங்கைக் கழற்றிக்கொண்டே “கம், ஈட், சிட்” என்று மூன்று சொல்லில் ஒரு வருஷம் பிள்ளை வளர்த்தாள். திட்ட முடியவில்லை, கொஞ்ச முடியவில்லை, தாலாட்டும் நின்றுபோனது. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஓட்டிசமுள்ள பிள்ளைகளின் பேச்சு பின்தங்குவதாக ஆய்வுகளில் தெரியவில்லை. உங்களுக்கு எந்த மொழியில் வாய் சரளமாகப் போகுமோ அதில் பேசுங்கள்.

சில பிள்ளைகள் புத்தகத் தமிழிலேயே பேசுவார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பையன், ரேடியோ செய்தி மாதிரி, “நான் இப்பொழுது உறங்கச் செல்கின்றேன்” என்பான். சனம் சிரிக்கும். பேச்சுத் தமிழ் ஆளுக்கு ஆள், ஊருக்கு ஊர் மாறும். எழுத்துத் தமிழ் மாறாது. மாறாததைப் பிடித்துக்கொண்டான். புத்திசாலித்தனம் என்றுதான் நான் சொல்வேன்.

தடுப்பூசியால் வருகிறதா? போன் பார்த்ததாலா? முனி அடித்ததாலா?

எதுவும் இல்லை. தடுப்பூசிக் கதை 1998 இல் 12 பிள்ளைகளை வைத்து எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து வந்தது. அதை வெளியிட்ட இதழே 2010 இல் மீளப்பெற்றுவிட்டது, எழுதியவர் டொக்டர் பதிவையும் இழந்தார். நம் நாட்டில் தட்டம்மைக்கான அந்த ஊசி 9 மாதத்திலும் 3 வயதிலும் போடுகிறார்கள். ஓட்டிசம் கண்ணுக்குத் தெரிய வருவதும் அதே காலத்தில்தான், அதனால் முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். ஊசியைத் தவறவிடாதீர்கள்.

கோயிலில் திருநீறு போடுவதில் எனக்கு ஒன்றுமில்லை. வேப்பிலையால் அடிப்பதும் மிளகாய்ப் புகை காட்டுவதும் கொடுமை.

சந்தேகம் இருந்தால் எங்கே காட்டுவது?

முதலில் தோட்டத்துக்கு வருகிற மிட்வைஃபிடம், பிள்ளையின் கிளினிக் புத்தகத்தோடு. ஒரு வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, விரல் நீட்டிக் காட்டாதது, 16 மாதமாகியும் ஒரு சொல்லும் வராதது, வந்த பேச்சு நின்றுபோவது என்றால் ‘பொறுத்துப் பார்ப்போம்’ என்று இருக்காதீர்கள். காது சோதனையை மறக்காமல் கேளுங்கள், சில வேளை காதுதான் காரணமாக இருக்கும். அங்கிருந்து மாவட்ட ஆஸ்பத்திரி. தேவையானால் பேராதனையில் இருக்கிற சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதித் தருவார்கள்.

எழுதுவது லேசு. ஒரு நாள் கிளினிக் என்றால் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போச்சு. அக்காவை ஓர் இடத்தில் மூன்று தரம் திருப்பி அனுப்பினார்கள். படிவமும் சிங்களம், கேள்வியும் சிங்களம். பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை என்று சொல்லப் போனவளுக்கே அங்கே பேச்சு இல்லாமல் போனது. தமிழ் பேசும் பேச்சு சிகிச்சையாளர் மலைநாட்டில் கிடைப்பது குதிரைக்கொம்பு. சிங்களம் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போங்கள். பிள்ளை செய்வதைப் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டாம்.

பாடசாலையில் எடுக்க முடியாது என்கிறார்கள். என்ன செய்வது?

1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், மாற்றுத்திறனைக் காரணம் காட்டிப் பாடசாலை அனுமதியில் பாகுபாடு செய்யக்கூடாது என்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையையும் இலங்கை 2016 இல் ஏற்றிருக்கிறது. அதில் தொடர்பாடல் என்பது வாய்ப்பேச்சு மட்டுமில்லை, மாற்று வழிகளும் சேர்ந்ததுதான். மறுப்பதானால் எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள். அக்கா கேட்டாள். அந்த அதிபர் எழுதித் தரவில்லை, இரண்டு நாள் கழித்துப் பிள்ளையைக் கூட்டிவரச் சொன்னார்.

உங்களைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லையே? இவ்வளவு நாள் ஏன் யாருக்கும் தெரியவில்லை?

பெண்பிள்ளை பேசாமலிருந்தால் நம் ஊரில் அதற்குப் பெயர் அடக்கம். பையன் பேசாமலிருந்தால் டொக்டரிடம் கூட்டிப்போவார்கள். எனக்கு வகுப்பில் நல்ல பிள்ளை என்று பரிசு கொடுத்தார்கள்.

என்னைப் பெண் பார்க்க வந்தவர்களும் அதையே சொன்னார்கள். தேத்தண்ணித் தட்டோடு நின்றேன், வாய் பூட்டியிருந்தது, “அடக்கமான பொண்ணு” என்று அவர்களுக்கு ஒரே சந்தோஷம். இரவு மாப்பிள்ளைக்கு வாட்ஸ்அப்பில் எல்லாவற்றையும் எழுதினேன், நீளமாக. சம்பந்தம் நின்றுபோனது. அம்மா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் சொல்லணுமா என்று கேட்கிறவர்களுக்கு, நான் சொன்னேன், திரும்ப நடந்தாலும் சொல்வேன்.

உங்கள் இரண்டு பேரோடும் எப்படிப் பேசணும்?

எனக்குப் போன் எடுக்காதீர்கள், எழுதுங்கள். ஒரு கேள்வி கேட்டால் மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். நாலில் அடுத்த கேள்வியைக் கேட்டால் முதல் பதில் தொலைந்துவிடும். நான் இருக்கும்போது “இவவுக்கு சீனி போடவா?” என்று அக்காவிடம் கேட்காதீர்கள். போடுங்கள், ஒரு கரண்டி.

அவனிடம் பேர் என்ன, எத்தனையாம் வகுப்பு என்று கேட்டால் ஓடிவிடுவான். பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தைப் பார்க்காமல், “ஹட்டன்” என்று சொல்லிப் பாருங்கள். “கொட்டகலை” என்று பதில் வந்தால் பேசத் தயார். நீங்கள் “தலவாக்கலை” என்று சொல்லலாம். வராவிட்டால் அன்றைக்கு வேணாம் என்று அர்த்தம்.